வட்டிலப்பம் எந்த அத்தியாயம்?

உக்காருங்க அண்ணாச்சி. இந்தப் பை என்னோடதுதான், மடியில வச்சிக்கிடுதேன். நீங்க எங்க, முக்காணியா? இந்த பஸ்ஸு ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நின்னு நின்னுதான் போகும், முக்கால் மணி நேரம் ஆக்கிருவான். நான் கடைசி ஸ்டாப்பு.

காயல்பட்டினத்துக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வந்தேன். ஒரு அம்மா, அவங்க கேஸு ஜெயிச்சுட்டு. தோத்தது யாருன்னு கேக்கீங்களா? நான்தான். தோத்தவனே வெயில்ல பஸ் ஏறிப் போயி ஜெயிச்சவங்ககிட்ட சொல்லுதான்னா, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்? சொல்லுங்க. அப்படிப் போனவன்கிட்ட அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க. அதுலருந்து வாயெல்லாம் ஒரே கசப்பா இருக்கு. அங்க குடிச்ச டீயோ என்னவோ.

என் பேரு காந்திமதிநாதன். கஸ்டம்ஸ்ல அப்ரைசரா இருந்தேன், ரிட்டயராகி ஏழு மாசம் ஆகுது. எந்த ஹார்பர்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன், ஆபீஸ் பேரை பஸ்ஸுல இழுக்கக் கூடாது. என் வேலை என்னன்னா, கப்பல்ல வர்ற சாமான் என்ன சாமான்னு சொல்லுறது. சிரிக்காதீங்க. வெளிய இருந்து பாத்தா லேசாத்தான் தெரியும். சர்க்கார் ஒரு புத்தகம் வச்சிருக்கு, தலகாணி மொத்தம். உயிரோட உள்ள குதிரையில ஆரம்பிச்சு, கையால வரஞ்ச சித்திரம் வரைக்கும், உலகத்துல உள்ள அத்தனை சாமானும் அதுல ஒரு அத்தியாயத்துல இருக்கணும். எந்த அத்தியாயமோ அதுக்குத் தக்கன வரி, அதுக்குத் தக்கன சட்டம். அத்தியாயம் மாறிப்போனா எல்லாமே மாறிப்போச்சு.

முப்பத்திமூணு வருஷம் அதைத்தான் பாத்தேன். ஒருத்தன் ஜெல்லி கப்பைப் பழம்னு எழுதிக் கொண்டாந்தான். இதுல பழம் எங்கய்யா இருக்குன்னு கேட்டேன். லேபிள்ல இருக்கு சார்ங்கான். விடுவனா? நம்மகிட்ட அது நடக்காது. ஒரு காசு கை நீட்டி வாங்கினதில்ல, ஒரு டீ வாங்கிக் குடிச்சதில்ல. ஹார்பர்ல யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க, காந்திமதிநாதன் நாக்கு சுத்தம்பாங்க.

இருங்க, அந்த ஆர்டரைக் காட்டுதேன். இந்தா பைக்குள்ள... இது என்ன, ஸ்பூனு. எங்க வீட்டுக்காரி ஆவுடைதான் பை எடுத்து வச்சா. ஆர்டர் காப்பி வையின்னேன், குடை வையின்னேன். ஸ்பூனு எதுக்கு வச்சான்னு தெரியல. மறதி கூடிப் போச்சு அவளுக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, ரம்ஜான் நோன்புக்கு ஒரு மாசம் இருக்கும்போது, கொழும்புலருந்து ஒரு குளிர் கன்டெய்னர் வந்துச்சு. இறக்குமதி பண்ணினது இந்த அம்மா, பேரு ஃபலீலா. உள்ள பூரா அட்டைப்பெட்டி, பெட்டிக்குள்ள கப்பு. உள்ளங்கை அளவு கப்பு, மேல தகடு ஒட்டி, பச்சை லேபிள். வட்டிலப்பம்.

நீங்க தின்னிருக்கீங்களா? இல்லையா. தேங்காப்பால், கருப்பட்டி, முட்டை, ஏலம். எல்லாத்தையும் அடிச்சுக் கலக்கி ஆவியில வேக வைக்குறது. இங்க பாய்மாருங்க வீட்டுல விசேஷத்துக்குச் செய்வாங்க. ஆனா கொழும்புல கித்துள்னு ஒரு மரம், பனை மாதிரி, அதுல எடுக்குற கருப்பட்டி போட்டா அது தனியாம். எனக்கு இதெல்லாம் அப்பத் தெரியாது. நாங்க சைவப் பிள்ளைமாரு. கேக்கு வாங்கினாகூட முட்டை போடலைல்லான்னு ரெண்டு தடவை கேட்டுத்தான் வாங்குவோம்.

சரக்குக்குக் கிளியரிங் ஏஜென்ட் ரொசாரியோ. நல்ல மனுசன், பாவம், அவசரக்காரன். அவன் பேப்பர்ல இருபத்தொண்ணாம் அத்தியாயம்னு போட்டுக் கொண்டாந்தான். இருபத்தொண்ணுல ஒரு எடம் இருக்கு, 'வேறு எங்கும் குறிப்பிடப்படாத உணவுப் பண்டங்கள்'னு. அந்த எடத்தைப் பாத்தாலே எனக்கு ஆகாது, அண்ணாச்சி. சோம்பேறிப் பயலுக அத்தியாயம் அது. எங்க வைக்கன்னு தெரியலயா, தூக்கி அதுல போடு. ஒரு பண்டம் கடல் தாண்டி வந்து நிக்குது, அதைப் பாத்து உனக்கு வேற எங்கயும் எடம் இல்லன்னு சொல்லுறது மரியாதையா? நான் சொல்ல மாட்டேன். அதுக்கு உரிய எடம் எதுன்னு தேடித்தான் வைப்பேன்.

ரொசாரியோ சொன்னான், "சார், கப்புல தேதி அடிச்சிருக்கு சார். தொண்ணூறு நாள்தான். அதுல பன்னெண்டு நாள் போயிட்டு. முதல் நோன்புக்கு முந்நூறு வீட்டுக்குக் குடுக்கேன்னு அந்தம்மா சொல்லி வச்சிருக்காங்க."

"தேதி உம்ம கவலைவே, அத்தியாயம் என் கவலை"ன்னேன்.

அந்தம்மாவே நேர்ல வந்தாங்க. கறுப்புப் புர்கா, நாப்பத்தஞ்சு வயசிருக்கும், குரல் உசத்தாம பேசுவாங்க. மாப்பிள்ளை, அதான் அவங்க வீட்டுக்காரரு, தவறிட்டாராம். அண்ணன் வீட்டுல இருந்திருக்காங்க. அங்க இருக்கப் பிடிக்காம, தனியா ஒரு கடை பிடிச்சு, ஒரு பெரிய ஃப்ரீசர் வாங்கிப் போட்டுட்டு, கொழும்புல இருக்க அக்காவைச் செய்யச் சொல்லியிருக்காங்க. "ராத்தா கைப்பக்குவம் சார், அங்க எல்லாருக்கும் தெரியும். இதுதான் முதல் சரக்கு. இது வெளிய போனாத்தான் அவ அடுத்ததுக்கு அடுப்பு மூட்டுவா. போகலைன்னா நான் திரும்ப எங்க காக்கா வீட்டுக்குத்தான் போகணும்"னாங்க. காக்கான்னா அவங்க பேச்சுல அண்ணன், ராத்தான்னா அக்கா.

"பயப்படாதீங்கம்மா, உங்க பண்டத்துக்குச் சரியான பேரு கண்டுபிடிச்சுக் குடுக்கேன்"னேன்.

"பேரு வட்டிலப்பம்தான் சார்."

"அது உங்க வீட்டுப் பேரும்மா. சர்க்கார் பேரு வேணும்"னேன். அந்தம்மா வெளிய பெஞ்சுல போயி உக்காந்துக்கிட்டாங்க. அதுலருந்து செவ்வாய்க்கிழமை தவறாம வந்து அந்தப் பெஞ்சுல உக்காருவாங்க.

நம்ம முறை என்னன்னா, சரக்குலருந்து சாம்பிள் எடுக்கணும். ஆறு கப்பு எடுத்தேன். ரெண்டு லேபுக்கு, ரெண்டு சீல் வச்சு பத்திரத்துக்கு, ரெண்டு ஆபீஸ் பரிசோதனைக்கு. பத்து நாள் கழிச்சு லேப்லருந்து ரிப்போர்ட் வந்துச்சு. முட்டை உள்ளது. தேங்காய்க் கொழுப்பு உள்ளது. சர்க்கரை உள்ளது. எந்த அத்தியாயம் என்பதை அதிகாரியே தீர்மானித்துக்கொள்ளலாம். எப்படி இருக்கு பாருங்க! அதைத் தெரிஞ்சுக்கத்தான் உனக்கு அனுப்பினது. நீ எனக்கே திருப்பி அனுப்பினா நான் யாருகிட்ட போக?

சட்டத்துல ஒரு விதி இருக்கு. பல சாமான் சேர்ந்த பண்டம்னா, அதுல எது இல்லன்னா அந்தப் பண்டமே இல்லியோ, அதை வச்சுத்தான் அத்தியாயம். கருப்பட்டிதான் முக்கியம்னா பதினேழு. மாவுப் பண்டம்னா பத்தொம்பது. முட்டைதான் முக்கியம்னா நாலாம் அத்தியாயம். இதைக் காகிதத்துல எப்படிக் கண்டுபிடிக்க? வாயில வச்சாத்தான தெரியும்.

சைவக்காரன் எப்படி வச்சேன்னு கேக்கீங்க. எனக்கும் யோசனைதான். ஆனா ஒண்ணு, பரிசோதனைக்குத் தின்னா அது தின்னதாகாது. டாக்டர் பொணத்தை அறுத்தா அவரைக் கசாப்புக்காரன்னு சொல்லுவமா? டூட்டி. ப்யூனை விட்டு கேண்டீன்ல ஒரு ஸ்பூன் வாங்கிட்டு வரச் சொல்லி, நுனியில எடுத்து வச்சேன். அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் தலை முழுகிட்டுத்தான் உள்ள போனேன். விரதம் கெட்டுதுன்னு யாரும் சொல்லிரக் கூடாது.

ஒரு தடவை வச்சா முடிவுக்கு வர முடியல. அதான் உண்மை. கருப்பட்டிதான் முன்னால நிக்குதுன்னு தோணுச்சு, அப்புறம் இல்ல, தேங்காப்பாலுன்னு தோணுச்சு. மறுபடி ஆறு கப்பு எடுக்க நோட் போட்டேன். லேபுக்கும் மறுபடி அனுப்பினேன். அதுக்கு ஒரு பத்து நாள். ரொசாரியோ வந்து, "சார், முதல்ல எடுத்த சாம்பிளே இருக்கே"ன்னான். "அது வேற பெட்டி, இது வேற பெட்டி. எல்லாப் பெட்டியிலயும் ஒரே பண்டம்தான் இருக்குன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போடுவியா?"ன்னேன். பேப்பரைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டான்.

இதுக்குள்ள நோன்பு பிறந்துட்டு. முந்நூறு வீட்டுக்கும் அந்தம்மா என்ன பதில் சொன்னாங்களோ தெரியாது. நோன்பு முடிஞ்சு வர்ற பெருநாளைக்காவது கிடைக்குமான்னு கேட்டாங்க. முயற்சி பண்ணுவோம்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். நான் மூணாவது சாம்பிளைப் பிரிச்சு வச்சிருக்கேன். நிமிந்து பாத்தா கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் பெஞ்சுல அந்தம்மா. நோன்பு வச்சிருக்க பொம்பளை, காலையிலருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருக்காங்க. அவங்க கண்ணு முன்னால நாம திங்கலாமா? மனுசத்தன்மை வேண்டாமா? எந்திரிச்சுப் போயி மரக்கதவைச் சாத்திட்டு வந்துதான் பரிசோதனை பண்ணினேன். அந்த அளவுக்குப் பாத்து நடந்துக்குவேன், அண்ணாச்சி. வேற ஆளா இருந்தா அதைக்கூட யோசிச்சிருக்க மாட்டான்.

ஆபீஸ் ஃப்ரிட்ஜ் சரியில்ல. கரண்டு போயிப் போயி வரும். சாம்பிள் கெட்டுப்போனா கோர்ட்டுல நமக்குத்தான் கேவலம். அதனால ஆபீஸ் பங்கை வீட்டுக்குக் கொண்டுபோயி, பேப்பர்ல பொதிஞ்சு, ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டுல வச்சேன். ஆவுடை பூசைக்கு வைக்குற பாலை மட்டும் எடுத்துக்கிட்டு எதுத்த வீட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டு வந்தா. ராத்திரி சாப்பிட்டு எந்திரிச்சா, "உங்க ஃபைலு கீழ்த்தட்டுல இருக்கு, பாக்கணும்னா பாருங்க"ம்பா. டிபார்ட்மென்ட் வேலையில பொண்டாட்டி இந்த அளவுக்கு ஒத்தாசையா இருக்குறது அபூர்வம்.

அவளை வச்சுத்தான் எனக்கு விடையே கிடைச்சுது. ஒரு ஞாயித்துக்கிழமை யோசிச்சேன், முட்டைதான் முக்கியமான்னு தெரியணும்னா முட்டையை எடுத்துட்டுப் பாத்தாப் போதும்லா? ஆவுடைகிட்ட சொன்னேன், "தேங்காப்பால் எடு, கருப்பட்டி காய்ச்சு, ஏலம் போடு. முட்டை வேண்டாம். கெட்டியாக என்ன போடுவியோ போடு. ஆவியில வை"ன்னேன். அவ வட்டிலப்பத்தைக் கண்ணால கண்டது கிடையாது. இருந்தாலும் சொன்னதைச் செஞ்சா. சோளமாவு போட்டுக் கிண்டி, இட்லித்தட்டுல ஊத்தி வச்சா. வந்ததைப் பாத்தா கருப்பட்டிக் கூழு. ஒரு வாய் வச்சதும் கீழ வச்சிட்டேன். எங்க அது, எங்க இது.

ஆக, முட்டை இல்லன்னா அது வட்டிலப்பமே கிடையாது. நிரூபணம் ஆயிட்டு. அப்படின்னா நாலாம் அத்தியாயம். மறுநாள் நாலு பக்கத்துக்கு நோட் எழுதினேன். 'இல்லத்தில் மேற்கொள்ளப்பட்ட ஒப்பீட்டுச் சோதனையின்படி'ன்னு ஆரம்பிச்சு. நான் எழுதினதுலயே நல்ல நோட் அதுதான்.

முட்டைப் பண்டம்னா கால்நடைத் துறை அனுமதி வேணும். அதைச் சரக்கு கப்பல் ஏறுறதுக்கு முன்னாலயே வாங்கியிருக்கணும். ரொசாரியோ தலையில கை வச்சு உக்காந்துட்டான். "சார், இது வேக வச்ச இனிப்பு சார். இதுல போயி கோழிக் காய்ச்சல் பாக்கச் சொன்னா எங்க போவேன்?"னான். அந்தம்மா உள்ள வந்தாங்க. நான் விளக்கிச் சொன்னேன், உங்க பண்டத்துக்கு எடம் கண்டுபிடிச்சாச்சும்மா, நாலாம் அத்தியாயம், பாலு முட்டை தேனு எல்லாம் அதுலதான் வருது, நல்ல அத்தியாயம்னு. கேட்டுக்கிட்டே நின்னாங்க. "அப்ப பெருநாளைக்கு?"ன்னாங்க.

பெருநாள் போயிட்டு. மேல எழுதிக் கேட்டோம், பதில் வரல. கேக்கத்தான செய்யணும், நாமளா முடிவெடுத்தா நாளைக்கு யாரு பதில் சொல்ல? நடுவுல ரெண்டு தடவை மறு பரிசோதனை பண்ணினேன், கெடாம இருக்கான்னு பாக்க வேண்டியது என் பொறுப்பு. கெடல. அதுவும் நோட்ல எழுதியிருக்கேன். பெருநாளுக்குப் பதினெட்டு நாள் கழிச்சுத் தேதி முடிஞ்சுட்டு. தேதி முடிஞ்ச பண்டம் நாட்டுக்குள்ள வரக் கூடாது, அதிகாரி முன்னால அழிக்கணும். ஊருக்கு வெளிய பொக்லைன் வச்சுக் குழி தோண்டி, பெட்டி பெட்டியாத் தள்ளி, மண்ணைப் போட்டு மூடினோம். நான்தான் நின்னு பாத்துக் கையெழுத்துப் போட்டேன். அன்னைக்கு எனக்குச் சோறு எறங்கல. சரியான வெயிலு பாருங்க, மே மாசம்.

அந்தம்மா அண்ணனோட ஆட்டோவுல அங்கயும் வந்துட்டாங்க. அழல, சண்டை போடல. குழிக்கரையில நின்னு ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "சார், ஒரு கப்பு குடுங்க. திங்க இல்ல, வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிருதேன். எப்படி வந்திருக்குன்னு ராத்தா கேட்டுக்கிட்டே இருக்கா."

"காலாவதியான பண்டம்மா, தந்தேன்னா என் வேலை போயிரும்"னேன். உள்ளதுதான? அன்னைக்கு எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ரெண்டு கப்பு இருந்துச்சுதான். அது ரிக்கார்டு. ரிக்கார்டை எடுத்துப் பார்ட்டிகிட்ட குடுக்க முடியுமா?

அப்புறம் ரொசாரியோ விடல, அந்தம்மா பேர்ல அப்பீல் போட்டான். அவன் கைக்காசுதான்னு சொல்லிக்கிட்டாங்க. ரெண்டு வருஷம் நடந்து போன மாசம் ஆர்டர் வந்துச்சு. இந்தா இதுதான், முப்பத்தெட்டு பக்கம். முடிவு என்னன்னா, இருபத்தொண்ணாம் அத்தியாயமாம். வேறு எங்கும் குறிப்பிடப்படாத உணவுப் பண்டம். முதல் நாள் ரொசாரியோ போட்டுக் கொண்டாந்தானே, அதேதான்.

எனக்கு வருத்தம் இல்ல. ஏன்னா பதினேழாம் பாராவைப் பாருங்க, சிவப்பு மையில கோடு போட்டிருக்கேன். 'சம்பந்தப்பட்ட அதிகாரி இப்பொருளை அசாதாரணமான நுணுக்கத்துடன் பரிசோதித்துள்ளார் என்பது தெளிவாகிறது. பரிசோதனைக்கென எடுக்கப்பட்ட மாதிரிகளின் எண்ணிக்கையே இதற்குச் சான்று.' ஒரு அப்ரைசரைப் பத்தி மேலிடத்துல இப்படி எழுதி நான் பாத்ததில்ல. ஆவுடைக்கு வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாவது வரியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னா. அவளுக்கும் பெருமைதான்.

அதான் நேத்து முடிவு பண்ணினேன், நேர்ல போயி சொல்லிட்டு வந்துருவோம்னு. ஆர்டர் தபால்ல போயிருக்கும். ஆனாலும் நேர்ல சொல்லுற மாதிரி வருமா? பண்டத்துக்காகப் போறீங்களான்னு ஆவுடை கேட்டா. எனக்குக் கோவம் வந்துட்டு. நான் எதையும் எதிர்பாத்துப் போகலை, அண்ணாச்சி. அவங்க வீட்டுல விசேஷமா ஏதாவது செஞ்சு, சாப்பிடுங்க சார்னு குடுத்தா, முகத்துல அடிச்ச மாதிரி வேண்டாம்னு சொல்லக் கூடாதுன்னு மட்டும் நெனச்சிருந்தேன்.

கடை இருந்த எடத்துல இப்ப செல்போன் ரிப்பேர் கடை. அண்ணன் வீட்டுல இருக்காங்கன்னு சொன்னாங்க. ஊருக்குள்ள பொம்பளையாளு நடக்கன்னே தனிச் சந்து இருக்கு, எனக்குத் தெரியாம அதுல நொழைஞ்சுட்டேன். ஒரு கிழவி திட்டி வெளிய அனுப்பினாங்க. ஒரு வழியா வீட்டைப் பிடிச்சேன். அண்ணன் மரியாதையா உக்கார வச்சாரு. அந்தம்மா உள்வாசல் திரைக்குப் பின்னால வந்து நின்னு சலாம் சொன்னாங்க. அலமாரி மேல ஆபீஸ் கவரு அப்படியே கெடக்கு, பிரிக்கக்கூட இல்ல.

"அம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க"ன்னேன். ஆர்டரை எடுத்து வச்சு, பதினேழாம் பாராவை வாசிச்சுக் காட்டினேன். டீ வந்துச்சு. கூட ஒரு தட்டு. தட்டுல ரெண்டு ரொட்டி பிஸ்கட்டு. நான் பிஸ்கட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

"ஜெயிச்சா என்ன சார் கிடைக்கும்?"னாங்க.

"உங்க பண்டம் இருபத்தொண்ணாம் அத்தியாயம்னு ஊர்ஜிதம் ஆயிட்டும்மா. இனி நீங்க கொண்டாந்தா யாரும் நிறுத்த முடியாது."

"இனி யாரு சார் செய்ய? ராத்தா அந்த வருஷமே அடுப்பை மூடிட்டா. நான் சரக்கை வித்துக் காசை வச்சிக்கிட்டு இல்லன்னு சொல்லுதேன்னு ரெண்டு மாசம் எங்கூடப் பேசல. அப்புறம் புதைச்ச கடுதாசியை அனுப்பி வச்சேன். அதைப் பாத்ததுலருந்து வேற மாதிரி ஆயிட்டா. நான் செஞ்சது நல்லா வரல போல, அதான் சர்க்காரு புதைச்சிட்டுங்கா. எத்தனை சொன்னாலும் கேக்க மாட்டேங்கா. இப்ப ஆஸ்பத்திரியில கெடக்கா சார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். நேத்துகூட போன்ல அதான் கேட்டா, யாராவது ஒருத்தராவது தின்னு பாத்து நல்லாருக்குன்னு சொன்னாங்களாடீன்னு."

நான் டீயைக் குடிச்சேன். அப்பத்தான் கேட்டாங்க.

"நாலாயிரத்துச் சொச்சம் கப்பு வந்துச்சு. அதைத் தின்னது இந்த உலகத்துல நீங்க ஒரு ஆளுதான் சார். எப்படி இருந்துச்சு?"

"அது பரிசோதனைம்மா, திங்கிறது இல்ல"ன்னேன்.

"சரி சார், பரிசோதனை. மரக்கதவைச் சாத்திக்கிட்டுத்தான் பண்ணுவீங்க. ஸ்பூன் கப்புல தட்டுற சத்தம் பெஞ்சு வரைக்கும் கேக்கும். அடி வரைக்கும் சொரண்டுவீங்க. அதை வச்சே நல்லாருக்கு போல ராத்தான்னு சொல்லிருப்பேன். ஆனா நீங்க சொல்லாம நானாச் சொல்லக் கூடாதுல்லா. சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?"

முப்பத்திமூணு வருஷ சர்வீஸ்ல என்கிட்ட இப்படி ஒரு கேள்வி யாரும் கேட்டதில்ல. நான் ஆர்டரைப் புரட்டினேன். இருபத்திரண்டாம் பாராவுல என் ரிப்போர்ட்டை எடுத்துப் போட்டிருக்காங்க, அதை வாசிச்சேன். 'பழுப்பு நிறம். அரைத் திட நிலை. இனிப்புச் சுவை. ஏலக்காய் மணம். அந்நியப் பொருள் ஏதுமில்லை.' வாசிச்சிட்டு நிமிந்தா, திரை ஆடிட்டு இருக்கு, அந்தம்மா உள்ள போயிட்டாங்க. அண்ணன்தான் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏத்தி விட்டாரு.

என்ன, நீங்களும் அதையே கேக்கீங்க. கொஞ்சம் இங்கிட்டு சாஞ்சு உக்காருங்க, கண்டக்டர் காதுல விழ வேண்டாம்.

நல்லாருந்துச்சு.

அந்த முதல் நாளு, நுனியில எடுத்தேன்னு சொன்னேன்லா, அது சும்மா. ஸ்பூனை விட்டதும் லேசா ஒரு ஆட்டம் ஆடிட்டு நின்னுது. வாயில வச்சா கடிக்க ஒண்ணும் இல்ல, ஆனாலும் உடனே போயிராது, நிக்கும். மொத கருப்பட்டி. அப்புறம் பாலு. ஏலம் கடைசியாத்தான் வரும், முழுங்கின பிற்பாடு. கண்ணை மூடிட்டேன். இந்த வயசு வரைக்கும் இதைத் தெரியாமலே இருந்துட்டமேன்னு ஒரு துக்கம் வந்துச்சு எனக்கு, சத்தியமாச் சொல்லுதேன். அப்படியே ரெண்டாவது கப்பையும் பிரிச்சிட்டேன். அது நோட்ல கிடையாது. குழியில தள்ளும்போது ஒவ்வொரு பெட்டியாப் பாத்துக்கிட்டு நின்னேன், அண்ணாச்சி.

இதை ஏன் அங்கன சொல்லலன்னு கேக்கீங்க. எப்படிச் சொல்ல? நல்லாருந்துச்சுன்னு சொன்னா நான் தின்னதா ஆயிரும்லா. பரிசோதனை பண்ணினவன் நல்லாருக்கு, நல்லா இல்லன்னு சொல்லக் கூடாது. அது அபிப்பிராயம்.

போன் பண்ணிச் சொல்லவா? நம்பரு இருக்கு, அண்ணன் கார்டு குடுத்தாரு. இப்ப இந்தச் சத்தத்துல வேண்டாம். வாயால சொன்னா நாளைக்கு ஒரு அத்தாட்சி கிடையாது பாருங்க. வீட்டுக்குப் போயி நிதானமா ஒரு லெட்டரா எழுதி அனுப்பலாம்னு இருக்கேன். 'பண்டம் திருப்திகரமாக இருந்தது'ன்னு. இல்ல, திருப்திகரம்னா நம்ம பாஷையில பாஸ் மார்க்குன்னு அர்த்தம், அது பத்தாது. 'மிகச் சிறப்பு'ன்னா, எதோட ஒப்பிட்டுன்னு ஒரு கேள்வி வரும். நான் வேற எந்த வட்டிலப்பத்தையும் தின்னதில்ல. ஆவுடை கிண்டின கூழை வச்சு ஒப்பிட்டேன்னு எழுத முடியுமா? அதுக்குச் சரியான வார்த்தை ஒண்ணு இருக்கும். அதைத்தான் தேடணும். எதையாவது அவசரத்துல எழுதி அனுப்பிட்டு, அப்புறம் அது தப்பான வார்த்தைன்னு ஆயிரக் கூடாது.

முக்காணிப் பாலம் வந்துட்டு, எந்திரிங்க. பாத்து, பாத்து எறங்குங்க. எதுக்குப் பதறுறீங்க? வெள்ளிக்கிழமைதான ஆபரேஷன். இன்னைக்குப் புதன்தான், நாள் கெடக்கு.